சாலைக்கு அடியில் சுண்ணாம்பு: களிமண் ஊர்களில் ரோடு ஏன் நிற்பதில்லை

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் மதுராந்தகம், உத்திரமேரூர், பொன்னேரி பக்கம் ஏதாவது ஓர் ஊராட்சிச் சாலையில் வண்டி ஓட்டிப் பாருங்கள். களிமண் பகுதியாக இருந்தால் சாலை உடைந்திருக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். நடுவில் தார் அப்படியே இருக்கும், ஓரத்திலிருந்து ஓரடி இரண்டடி உள்ளே தள்ளி நீளவாக்கில் ஒரு வெடிப்பு ஓடும், சக்கரம் போகும் தடம் இரண்டும் அமுங்கி அதில் தண்ணீர் நிற்கும், சில இடத்தில் ஓரம் வெளிப்பக்கமாகப் பிதுங்கிக் கிடக்கும். டீக்கடையில் கேட்டால் "தாரைக் கம்மியா போட்டுட்டாங்க" என்பார்கள். சில ஊரில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடியில் இருக்கும் மண்ணை. மண்ணை அப்படியே விட்டுவிட்டு மேலே மறுபடி தார் போட்டால் அடுத்த கார்த்திகைக்குள் அதே இடத்தில் அதே வெடிப்பு வந்துவிடும்.

இந்த மண்ணைச் சரிசெய்ய ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது: சுண்ணாம்பு கலப்பது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) இதற்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, ஐஆர்சி 51, 1992-ஆம் ஆண்டுப் பதிப்பு. சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல் எல்லாவற்றையும் சேர்த்து 2010-இல் எஸ்பி 89 என்று இன்னொன்றும் வந்தது. ஆக, தெரியாத தொழில்நுட்பம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊர்களில் இது அபூர்வமாக இருப்பதற்குக் காரணம், என் பார்வையில், இந்த வேலை இரண்டு விஷயம் கேட்கிறது: முன்கூட்டியே மண் பரிசோதனை, வேலைக்கு நடுவில் பொறுமை. நம் டெண்டர் முறை இரண்டையும் சுலபத்தில் தருவதில்லை.

முதலில் சாலை எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம். கிராமச் சாலைகளில் மேலே தெரியும் தார் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் கனம்தான். அதன் வேலை தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதும், ஓட்டத்துக்கு வழவழப்பு தருவதும். சுமையைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் ஜல்லி அடுக்குகள், அதற்கும் கீழே கிராவல். இவை எல்லாம் சேர்ந்து சக்கரத்தின் அழுத்தத்தை அகலமாகப் பரப்பி, கடைசியில் அடிமண்ணிடம் ஒப்படைக்கின்றன. அந்த அடிமண் மழையில் சேறாகிவிட்டால் மேலே எத்தனை ஜல்லி கொட்டினாலும் அது மெல்ல மெல்லக் களிக்குள் இறங்கும், களி ஜல்லியின் இடைவெளிக்குள் ஏறும். உடைந்த சாலையைத் தோண்டும்போது ஜல்லியும் களியும் ஒன்றாகப் பிசைந்து வருவதைச் சாலை வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

மண் எவ்வளவு தாங்கும் என்பதை எண்ணில் சொல்வது சிபிஆர் என்ற சோதனை. 1920-களின் கடைசியில் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் உருவானது, இன்றுவரை உலகம் முழுக்க ஓடுகிறது. அச்சில் இறுக்கிய மண்ணுக்குள் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை அழுத்தி, நல்ல உடைகல்லோடு ஒப்பிட்டால் இந்த மண் எத்தனை சதவீதம் எதிர்த்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். கிராமச் சாலைகளுக்கான எஸ்பி 72 வழிகாட்டி, சிபிஆர் 2 என்றால் மிக மோசமான அடிமண், 3-4 மோசம், 5-6 சுமார், 7 முதல் 9 வரை நல்லது, 10-க்கு மேல் மிக நல்லது என்று பிரிக்கிறது. கரிசலும் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கொழுத்த களியும் நனைந்த நிலையில் பல இடங்களில் 2, 3 என்றுதான் நிற்கும்.

"நனைந்த நிலையில்" என்பதுதான் இதில் முக்கியம். சோதனைக்கு முன் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறவைக்காமல் சோதித்தால் காய்ந்த களி கல்லுக்குச் சமமாக நிற்கும், எண் ஏகத்துக்கு ஏறும். சித்திரையில் ஒரு களிமண் நிலத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்தவருக்கு இது புரியும், கை வலிக்கும் அளவுக்குக் கெட்டி. அதே நிலம் ஐப்பசியில் முழங்கால் வரை இழுக்கும். கோடையில் பார்த்துவிட்டு "மண்ணு நல்லா கெட்டியாத்தானே இருக்கு" என்று எஸ்டிமேட் போடுவது நடக்கிறது. அந்தச் சாலை தாங்க வேண்டியது கோடையை இல்லையே, மழையை.

களி ஏன் இப்படி ஆடுகிறது? கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும் அமைப்பு அது. ஒரு கிராம் சுத்தமான மான்ட்மோரில்லோனைட்டில் அந்தத் தகடுகளின் பரப்பு முழுவதையும் விரித்தால் சுமார் 800 சதுர மீட்டர் வரும். அவ்வளவு பரப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும், தகடுகள் விலகும், மண் உப்பும். காய்ந்தால் தண்ணீர் போய்விடும், மண் சுருங்கி வெடிக்கும். சாலையின் ஓரம் வெயிலுக்கும் மழைக்கும் நேராகத் திறந்து கிடப்பதால் அங்கே இந்த உப்பல் சுருங்கல் அதிகம். தாரும் ஜல்லியும் மூடிய நடுப்பகுதியில் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரம் ஏறி இறங்குகிறது, நடு அசையாமல் நிற்கிறது, இரண்டுக்கும் இடையில் தார் நீளவாக்கில் கிழிகிறது. நான் முதலில் சொன்ன வெடிப்பு அதுதான்.

உங்கள் ஊர் மண் உப்புகிற மண்ணா என்று பள்ளிக்கூட ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். நன்றாக உலர்த்தி நைசாகச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து 100 மில்லி அளவுக் குடுவை இரண்டில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர் ஊற்றுங்கள், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களி உப்பாது, அதனால் அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. நன்றாகக் கலக்கிக் குமிழியை எல்லாம் வெளியேற்றி 24 மணி நேரம் விட்டுவிட்டு இரண்டிலும் மண் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 20 மில்லி என்றால் உப்பல் குறியீடு நூறு சதவீதம். ஐம்பதைத் தாண்டினாலே அந்த மண்ணைச் சாலைக் கரைக்கு அப்படியே பயன்படுத்தக்கூடாது என்பது நெடுஞ்சாலை விதி. இதற்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது, ஆனாலும் பல கிராமச் சாலை வேலைகளில் இது செய்யப்படுவதே இல்லை என்பது எனக்கு ஆறாத குறை.

சென்னையை எடுத்துக்கொண்டால் மண் சில கிலோமீட்டருக்குள் தலைகீழாக மாறும். பல்லாவரம், பரங்கிமலை பக்கம் பாறை, பெசன்ட் நகரில் கடல் மணல், வேளச்சேரி பள்ளிக்கரணையில் களி. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி, தையூர் பக்கம் நனைந்தால் உப்பிப் பெருகும் களி இருக்கிறது. அந்த மண்ணை வைத்து இங்கே உள்ள பொறியியல் ஆய்வகங்களில் எத்தனையோ ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தெற்கே போனால் விருதுநகர், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று கரிசல் பூமி விரிகிறது. ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே எஸ்டிமேட் என்பது முதலிலேயே தப்பு.

சரி, சுண்ணாம்பு என்ன செய்கிறது? மண்ணில் கலந்து ஈரமாக்கியதும் முதல் மாற்றம் சில மணி நேரத்திலேயே தெரியும். களித் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பின் கால்சியம் உட்காருகிறது. தகடுகள் ஒன்றோடொன்று கூடித் திரள்கின்றன, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி குறைகிறது. மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வராமல் அடம்பிடித்த களி, கையில் பிடித்தால் பிடிபட்டு, லேசாக அழுத்தினால் உதிர்ந்துபோகும் புட்டு மாவுப் பதத்துக்கு வந்துவிடும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது அதே மண்தானா என்று சந்தேகமே வரும். மழையில் சிக்கிய வேலையிடத்தில் வண்டி இறங்க முடியாத சேற்றைச் சுண்ணாம்பு போட்டு நடக்கும் தரையாக்குவதும் இதனால்தான்.

ஆனால் இது பாதி வேலை. மீதிப் பாதி மெதுவாக நடப்பது. போதுமான சுண்ணாம்பு இருந்தால் மண்ணின் காரத்தன்மை, பிஎச் கணக்கில், 12.4 என்ற அளவுக்கு ஏறும். அந்தக் காரத்தில் களியில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து வெளியே வந்து, கால்சியத்தோடு சேர்ந்து, சிமென்டில் உண்டாவதைப் போன்ற பசையாக மாறி மண்ணைக் கட்டுகின்றன. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும். வெப்பம் இருந்தால் வேகம் கூடும், குளிரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். குளிர்நாடுகளில் சுண்ணாம்பு வேலைக்குப் பருவம் பார்த்துத் தவிக்கிறார்கள், நமக்குச் சென்னை வெயில் இந்த ஒரு விஷயத்தில் முழு லாபம்.

எவ்வளவு சுண்ணாம்பு? பொதுவாக மண் எடையில் 3 முதல் 8 சதவீதத்துக்குள். சரியான அளவைக் கண்டுபிடிக்க 1966-இல் ஈட்ஸ், கிரிம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன முறை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. சில பாட்டில்களில் ஒரே அளவு மண் போட்டு, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று சதவீதத்தை மாற்றிச் சுண்ணாம்பு சேர்த்து, தண்ணீர் ஊற்றி விட்டு விட்டு ஒரு மணி நேரம் குலுக்கிய பிறகு காரத்தை அளக்க வேண்டும். எந்த பாட்டில் முதலில் 12.4-ஐத் தொடுகிறதோ அதுதான் குறைந்தபட்ச அளவு. அதன் பிறகு அந்த அளவிலும் அதற்குச் சற்று மேலேயும் கலந்து, ஊறவைத்து, சிபிஆர் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இந்த அளவில் கை வைக்கவே கூடாது. நான்கு சதவீதம் வேண்டிய மண்ணில் இரண்டு போட்டால் முதல் மாற்றம் மட்டும் நடக்கும், மண் உதிரும், எல்லோரும் திருப்தியாகக் கிளம்பிவிடுவார்கள், ஆனால் கட்டும் பசை உண்டாகத் தேவையான சுண்ணாம்பு மிச்சமிருக்காது. இரண்டு மூன்று மழையில் மண் பழைய குணத்துக்குத் திரும்பத் தொடங்கும். பிறகு "சுண்ணாம்பு போட்டும் நிக்கல" என்று கெட்ட பெயர் சுண்ணாம்புக்கு வரும்.

நமக்குச் சுண்ணாம்பு புதிதில்லை. பழவேற்காட்டு ஏரியிலிருந்து எடுத்த கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் பழைய மெட்ராஸின் சுவர்கள் எழுந்தன, பளிங்குக்கு நிகராக மெருகேறிய அந்தப் பூச்சைப் பார்த்து வெளிநாட்டவர் வியந்து எழுதி வைத்தார்கள். கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று ஆயிரம் பக்குவம். அந்தக் கொத்தனார் மரபில் வந்தவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோவார்கள் என்பதால் சொல்கிறேன். சுவர்ப் பூச்சில் சுண்ணாம்பு கெட்டிப்படுவது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுவதால். அங்கே காற்று நண்பன். சாலை மண்ணில் அது நேர்மாறு. காற்றுபட்டுக் கல்லாகிவிட்ட சுண்ணாம்பு களியோடு வினை புரியாது, வெறும் வெள்ளைப் பொடியாக மண்ணில் கிடக்கும். அதனால் மூட்டை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், பிரித்ததும் பரப்ப வேண்டும், பரப்பியதும் அன்றைக்கே கலக்க வேண்டும். திருப்போரூர் தாண்டி ஒரு வேலையிடத்தில் பாதி பிரிந்த மூட்டைகள் கோணித் துணியால்கூட மூடாமல் வெட்டவெளியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், அதில் எவ்வளவு உயிரோடு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. வாங்கும்போதும் கவனம் வேண்டும். வெள்ளையடிக்க விற்கும் மலிவுச் சரக்கில் பாதி வேகாத கல்லும் மண்ணும் கலந்திருக்கலாம். சாலைக்கு வரும் சுண்ணாம்பில் கால்சியம் ஆக்சைடு குறைந்தது 70 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, குறைந்தால் அதற்கேற்ப அளவைக் கூட்டிப் போட வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிமண்ணைத் தேவையான ஆழத்துக்குக் கிளறி, கட்டிகளை உடைத்து, சுண்ணாம்பைப் பரப்பி, தண்ணீர் தெளித்துக் கலக்க வேண்டும். பெரிய சாலைகளில் இதற்கென்றே கலவை இயந்திரம் வரும், ஊர்ச்சாலையில் டிராக்டரில் மாட்டும் ரோட்டவேட்டரே போதும், நம் விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த கருவி. கொழுத்த களியாக இருந்தால் ஒரே தடவையில் கட்டி உடையாது. அப்போது சுண்ணாம்பு கலந்து லேசாக ரோலர் ஓட்டி மூடி, ஒன்று முதல் மூன்று நாள் அப்படியே விட வேண்டும். அந்த ஊறலில் கட்டிகள் தாமாகவே இளகி உதிரும். மறுபடி கிளறிக் கலந்து, ஈரம் சரிபார்த்து, அப்புறம்தான் முழு இறுக்கம். அதன் பிறகு ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கனரக வண்டி எதையும் விடக்கூடாது.

இறுக்கத்தைச் சோதிக்கும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. சுண்ணாம்பு கலந்த மண்ணின் அதிகபட்ச அடர்த்தி பழைய மண்ணைவிடக் குறைவு, அதற்குத் தேவையான ஈரம் அதிகம். ஆய்வகத்தில் வெறும் மண்ணுக்குப் பார்த்த பிராக்டர் எண்ணை, அதாவது அந்த மண்ணின் அதிகபட்ச அடர்த்தியை, கையில் வைத்துக்கொண்டு களத்தில் ஒப்பிட்டால், நன்றாக இறுகிய இடம்கூட "பெயில்" என்று வரும். ரோலர்காரர் எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த எண்ணைத் தொட முடியாது. சுண்ணாம்பு கலந்த மண்ணுக்கே தனியாகச் சோதனை செய்து அந்த எண்ணைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும்.

சுண்ணாம்பு சரியான ஆழம் வரை போயிருக்கிறதா என்று பார்க்க மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் பயன்படுத்தும் அதே பினாப்தலீன். கலந்து முடித்த இடத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகத் தெளித்தால், காரம் இருக்கும் இடமெல்லாம் சில நொடியில் ரோஜா நிறமாகச் சிவக்கும். இருபது சென்டிமீட்டர் கலந்ததாகச் சொன்ன இடத்தில் பன்னிரண்டோடு சிவப்பு நின்றுவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். நடுவில் திட்டுத்திட்டாக நிறமே இல்லாமல் இருந்தால் கட்டி உடையவில்லை என்று அர்த்தம். சுண்ணாம்பின் அளவு சரியா என்பதை இது சொல்லாது, போய்ச் சேர்ந்ததா என்பதை மட்டும் சொல்லும்.

கணக்குக்கு வருவோம். ஐந்து மீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் ஆழம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் ஆயிரம் கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் 1,600 டன். அதில் நான்கு சதவீதம் 64 டன் சுண்ணாம்பு. பத்து டன் லாரியில் ஆறு ஏழு நடை. 25 கிலோ மூட்டையாக வந்தால் 2,560 மூட்டை, அதாவது சாலையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் இரண்டரை மூட்டை. இதை ஊரில் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம், நூறு மீட்டருக்கு 256 மூட்டை இறங்கியிருக்க வேண்டும். மாற்று வழி என்ன? அந்த ஆயிரம் கன மீட்டர் களியை வாரி எங்கோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அதே அளவு இறுகும்படி நல்ல கிராவலை ஓட்டி வருவது. தளர்ந்த நிலையில் ஆயிரத்து முந்நூறு கன மீட்டருக்குக் குறையாது, பத்து கன மீட்டர் டிப்பரில் போகும்போது 130 நடை, வரும்போது 130 நடை. அத்தனை டிப்பரும் ஓடப்போவது பக்கத்து ஊர்ச்சாலைகளில்தான். வண்டியின் ஓர் அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்று அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை காட்டியது. ஒரு சாலையைப் போட நான்கு சாலையைக் கெடுத்த கதை நம்மிடம் நிறைய உண்டு.

கிராவல் குவாரி ஐந்து கிலோமீட்டரில் இருந்தால் கிராவலே மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் குவாரிகள் தூரமாகிக்கொண்டே போகின்றன. சுண்ணாம்புக்கும் சுற்றுச்சூழல் விலை உண்டு, நூறு கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் வரும், காளவாய்க்கு எரிக்கும் விறகோ நிலக்கரியோ அதற்கு மேல். இரண்டையும் ஊர் ஊராகத்தான் கணக்கிட வேண்டும்.

சுண்ணாம்பு உதவாத இடங்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஏமாற்றாகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணலில் வினை புரியக் களியே இல்லை, அங்கே சுண்ணாம்பு மட்டும் போடுவது வீண். சிமென்ட் போடலாம், அல்லது அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையத்தில் குவியும் நிலக்கரிச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துப் போடலாம், களி தர வேண்டிய சிலிக்காவையும் அலுமினாவையும் அந்தச் சாம்பல் தரும். மண்ணின் நெகிழ்வு எண் (மண் எவ்வளவு ஈர இடைவெளிக்குள் பிசையும் பதத்தில் இருக்கும் என்பதன் அளவு) பத்துக்கு மேல் இருந்தால்தான் சுண்ணாம்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது பொது வழக்கு. இலைமக்கு கலந்த மண்ணிலும் இது சரியாக வேலை செய்யாது, ஏரி தூர்வாரிய வண்டலைக் கொண்டுவந்து சாலைக்குக் கொட்டும் பழக்கம் இருக்கும் ஊர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டல் வயலுக்கு அருமை, சாலைக்கு ஆகாது.

மிகப் பெரிய ஆபத்து சல்பேட். மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் இருந்தால் சுண்ணாம்பும் களியின் அலுமினாவும் அதோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். அது ஏகப்பட்ட தண்ணீரை உள்ளே பிடித்துக்கொண்டு பருக்கும், அடக்கப் போட்ட மண்ணே சாலையைத் தூக்கிவிடும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் ஸ்டூவர்ட் அவென்யூவில் இப்படித்தான் நடந்தது. நன்றாகப் போட்ட சாலை பிற்பாடு உப்பி எழுந்து வெடித்தது, 1988-இல் அதைப் பற்றி வந்த ஆய்வுக்குப் பிறகு உலகமே இதில் உஷாரானது. நம் வழிகாட்டியும் கரையும் சல்பேட் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் தனி ஆய்வு வேண்டும் என்கிறது. எண்ணூர் தொடங்கி முட்டுக்காடு, செய்யூர் வரை உப்பங்கழி ஓரத்து மண்ணில் சுண்ணாம்பு போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் இறங்குவது தெரிந்தே செய்யும் தப்பு. கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை, எங்கே போய்ச் சோதிப்பது என்ற கேள்வி சென்னைக்குப் பக்கத்தில் எழவே கூடாது.

இன்னொன்று ஆழம். பள்ளிக்கரணை மாதிரி சதுப்பில் பல மீட்டருக்கு இளகிய களி கிடந்தால், மேலே இருபது முப்பது சென்டிமீட்டரைச் சுண்ணாம்பால் கெட்டியாக்குவது கீழே நடக்கும் இறக்கத்தை நிறுத்தாது. அது வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம். தண்ணீர் வடிகாலும் அப்படித்தான். சாலை வயலைவிடத் தாழ்ந்து கிடந்து, ஓரக் கால்வாய் தூர்ந்துபோய், மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றால் எந்த மருந்தும் பலிக்காது. சுண்ணாம்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கால்வாய்க்கும் சிறு பாலத்துக்கும் வைக்காத எஸ்டிமேட்டை நான் முழுமையான எஸ்டிமேட்டாகவே எண்ணமாட்டேன்.

வேலை செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், யாரும் இதைப் பேசுவதில்லை. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும், வியர்த்த தோலில் பட்டால் வெந்துபோகும். நீற்றிய பொடியில் அந்தச் சூடு இல்லை என்றாலும் காரம் அதே காரம்தான், கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். ரப்பர் செருப்பும் தலையில் ஒரு துண்டுமாக நிற்கும் பெண்களிடம் மூட்டையைப் பிரித்துக் கையால் தூவச் சொல்வதை எந்தப் பொறியாளரும் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. கண்ணாடி, கையுறை, காலணி, முகமூடி, கண் கழுவப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர், இவ்வளவும் எஸ்டிமேட்டில் தனி வரியாக வர வேண்டும். காற்று எழும்பும் மத்தியானத்தில் பரப்பாமல் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கையால் பரப்பும் வேலைக்கு நீற்றிய பொடிதான், சுட்ட சுண்ணாம்பு இயந்திரம் இருக்கும் இடத்தில் மட்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-இல் தொடங்கியது. புதிய முறைகளுக்கு அதில் இடமும் உண்டு, உத்தரப் பிரதேசத்தில் பழைய சாலையையே கிளறிச் சிமென்ட் கலந்து மறுபடி இறுக்கும் முறையை அந்தத் திட்டத்தில் பெரிய அளவில் செய்கிறார்கள். நம் மதுரையில் பேராசிரியர் வாசுதேவன் கொண்டுவந்த பிளாஸ்டிக் சாலை நாடு முழுக்கப் பரவியது, அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அது தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பைக் கூட்டும் முறை, அடியில் இருக்கும் களிக்கு அது பதில் சொல்லாது. மேலே தெரிவதற்குக் கிடைக்கும் கவனம் மண்ணுக்குள் புதைந்துபோகும் வேலைக்குக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவன்று இரண்டு சாலையும் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும்.

அதோடு காலண்டர். நிதி ஒதுக்கீடு வந்து, டெண்டர் முடிந்து, வேலை உத்தரவு கைக்கு வரும்போது பல நேரம் ஆண்டின் கடைசி. மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும். அந்த அவசரத்தில் மூன்று நாள் ஊறவிடு, ஏழு நாள் காயாமல் வை என்றால் ஒப்பந்ததாரர் ஏன் கேட்கப்போகிறார்? கிராவலைக் கொட்டினோமா, ரோலரை ஓட்டினோமா, ஜல்லிக்குப் போனோமா என்றுதான் போவார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஊறும் நாட்களையும் ஈரம் காக்கும் நாட்களையும் வேலை நாட்களாக ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்குக் கூலியும் தண்ணீர் டேங்கர் செலவும் தனியாகக் காட்டினால்தான் இது மாறும். வடமாவட்டங்களில் இதற்கு ஏற்ற காலம் மாசி முதல் ஆனி வரை, வெயிலும் சூடும் இருக்கும், பெருமழை இருக்காது.

அந்தக் காலத்தைப் பிடிக்க வேண்டுமானால் கோரிக்கை அதற்கு வெகு முன்னாலேயே போக வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊர்ச்சாலை அடுத்து புதுப்பிக்கப்படும் பட்டியலில் இருந்தால் ஆகஸ்ட் 15 சபையிலேயே உப்பல் குறியீடு, நான்கு நாள் ஊறிய சிபிஆர், சல்பேட் மூன்றுக்கும் சோதனை வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். மழை முடிவதற்குள் முடிவுகள் கைக்கு வந்துவிடும், எஸ்டிமேட் அதை வைத்து எழுதப்படும். ஜனவரி 26 வரை காத்திருந்து கேட்டால் அதற்குள் எஸ்டிமேட் முடிந்து டெண்டர் போயிருக்கும்.